ஏன் வழுக்கியது என்று யாரும் கேட்கவில்லை



கும்மிடிப்பூண்டி சிப்காட் உருக்காலை ஒன்றில் பணிபுரியும் வாலிபர் ஒருவர், பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு பழைய மிட்சுபிஷி செடியா கார் ஒன்றை வாங்கினார். எட்டு மாதங்களுக்குள் இரண்டு முறை கிளட்ச் பிளேட் மாற்றினார். மூன்றாம் முறையும் வழுக்கத் தொடங்கியபோது, "ஐயா, இந்த வண்டி எனக்கு ராசியில்லை" என்று என்னிடம் வந்து வருந்தினார். ராசியின்மேல் பழி போடுவது எளிது. ஆனால் அந்த வண்டியை இரு முறை பிரித்தவர்களுள் ஒருவரும் "இது ஏன் வழுக்கியது?" என்று கேட்கவில்லை. கேட்கப்படாத அந்த ஒரு கேள்விக்காகவே அவர் இரண்டு முறை பணம் கட்டினார்.

இந்தக் காரின் மேல் நம் பகுதி வாலிபர்களுக்கு இருக்கும் பற்று எனக்கு வியப்பளிப்பதில்லை. 1998ஆம் ஆண்டு லான்சர் கார்கள் நம் திருவள்ளூரில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலிருந்துதான் வெளிவந்தன. 2006இல் செடியா வந்தது. நான்கு கதவுள்ள குடும்பக் காராயினும், ராலிப் பந்தயங்களில் அவை ஓடிய ஓட்டத்தைக் கண்டவர்கள் அவற்றை ஸ்போர்ட்ஸ் கார் என்றே அழைக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி செல்லும் வழியிலுள்ள சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் 1990இல் வருவதற்கு முன்பு, பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. வேகத்தின் மேலுள்ள ஆசை இந்த மண்ணுக்குப் புதிதன்று.

கிளட்ச் வழுக்குகிறது என்றால் என்ன? என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் என்ஜினின் வலிமை சக்கரத்தைச் சென்று சேராது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மிதித்தவுடன் என்ஜின் உறுமுகிறது. உறுமலைக் கேட்டு வண்டி வலுவாயிருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். காதை நம்பாதீர்கள், இரண்டு முட்களைப் பாருங்கள். ஆர்.பி.எம். முள் ஏறி, வேக முள் உடன் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டுமே மந்தமாக ஏறினால் குறை பெரும்பாலும் என்ஜினில். கிளட்சைப் பிரிப்பது வீண் செலவு. கியர் விழாமல் கரகரவென்று உரசினால் அது வழுக்கலுக்கு நேர் எதிரான நோய். கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்பதே பொருள்.

இதை உறுதிசெய்ய ஆளரவமற்ற, நேரான, சமமான சாலை ஒன்று போதும். நான்காம் கியரில் ஏறத்தாழ 50 கி.மீ. வேகத்தில் சென்று ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். மேல் கியரில் என்ஜினின் பளு மிகுதியாதலால், தளர்ந்த கிளட்ச் அங்கேதான் முதலில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கண்டெய்னர் லாரிகள் நெருங்கி ஓடும் கொல்கத்தா நெடுஞ்சாலையில் இதைச் செய்யாதீர்கள். நிற்கும் வண்டியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து மூன்றாம் கியரில் கிளட்சை விட்டுப் பார்ப்பதும் உண்டு. நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் உடனே அணைந்துவிடும். ஆனால் பழைய வண்டியின் ஹேண்ட் பிரேக்கை முழுதாக நம்ப இயலாது. சக்கரங்களுக்கு அடை வைத்து, முன்னால் எவரும் நில்லாதபடி, ஒரே ஒரு முறை மட்டும் செய்யுங்கள்.

வழுக்குவது உறுதியானபின், கியர்பாக்ஸை இறக்குமுன், செலவில்லாதவற்றை முதலில் பாருங்கள். கிளட்ச் கேபிள் உள்ள வண்டியில், பிளேட் தேயத் தேய மிதியின் ஃப்ரீ பிளே குறைந்துகொண்டே வரும். அது அற்றுப்போனால் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டேயிருக்கும், பிடி தளரும். கேபிளைச் சரிசெய்தாலே சில வண்டிகள் குணமாகிவிடும். ஹைட்ராலிக் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் தண்டு தவறாக அமைந்திருந்தாலோ, பழைய ஹோஸ் உள்ளே வீங்கியிருந்தாலோ எண்ணெய் திரும்பாமல் அதே அழுத்தம் நிலைத்துவிடும். அடுத்து, பெல் ஹவுசிங்கின் அடியைப் பாருங்கள். அங்கே ஈரமிருந்தால் எண்ணெய் கசிந்து பிளேட்டை நனைத்திருக்கலாம். என்ஜின் ஆயிலானால் கிராங்க் பின்புற சீல். காரமான கந்தக வாடை வீசும் கியர் ஆயிலானால் கியர்பாக்ஸ் முன்புற சீல். கடைசியாக உங்கள் இடது காலையும் சோதித்துக்கொள்ளுங்கள். கிளட்ச் மிதிமேலேயே காலை வைத்து ஓட்டுபவரும், நெரிசலில் ஹாஃப் கிளட்சிலேயே ஊர்பவரும் எத்தனை பிளேட் போட்டாலும் தேய்த்துவிடுவார்கள். என்ஜினின் வலுவைக் கூட்டியவர்கள், பழைய பிரஷர் பிளேட் அந்த வலுவைத் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த வாலிபரின் வண்டியில் கசிந்தது கிராங்க் பின்புற சீல். ஃப்ளைவீலைக் கழற்றினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். கழற்ற ஒருவருக்கும் பொறுமையில்லை. சீலின் விலை சிறிது, கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி பெரிது. அந்தப் பெரிய கூலியை இரு முறை கொடுத்தும் சிறிய சீல் மாற்றப்படவில்லை. புதிய பிளேட் ஒவ்வொன்றும் அதே எண்ணெயில் நனைந்தது.

மெக்கானிக் சகோதரர்கள் என்மேல் வருத்தப்படலாம். "விரைவாக முடியுங்கள், குறைவாக வாங்குங்கள்" என்று அவசரப்படுத்துகிறவர்களும் நாம்தானே என்பது நியாயமான கேள்வி. அதனால் இருவரிடமும் சொல்கிறேன். வண்டி உடையவர்களே, கழற்றிய பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். சீராகத் தேய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. எண்ணெய் படிந்து பளபளத்தால் வேலை இன்னும் முடியவில்லை. மெக்கானிக் சகோதரர்களே, ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்போ வெடிப்போ இருந்தால் அதை உடையவருக்குக் காட்டுங்கள், மறைத்துப் பூட்டாதீர்கள்.

இன்னொரு வார்த்தை. வழுக்கும் வண்டியை ஒன்றுமில்லை என்று சொல்லி இன்னொரு வாலிபரின் தலையில் கட்டிவிடாதீர்கள். லாரியை முந்தும்போது என்ஜின் உறுமியும் வண்டி முன்னே பாயாவிட்டால், போவது பணம் மட்டுமன்று.

சீல் மாற்றிய அந்த வண்டி இப்போது வழுக்குவதில்லை. ராசியைப் பற்றி அவரும் பேசுவதில்லை.