பிரியாவிடை இல்லாத பங்குத்தந்தை

யாழ்ப்பாணத்தில் பங்கின் யூபிலியும் பங்குத்தந்தையின் மாற்றமும் ஒன்றாய் வந்துவிட்டால் கோயில் முற்றம் தாங்காது. பொன்னாடை, வாழ்த்துப்பா, யூபிலி மலர், கண்ணீர். எட்டாவது மாலை விழும்போது சுவாமியின் முகமே தெரியாது. இருக்கட்டும், அன்புதானே. (வாழ்த்துரைகளை மட்டும் பாதியாய்க் குறைக்கலாம்.)

எனக்கு அப்போதெல்லாம் அல்லைப்பிட்டிப் பங்குதான் நினைவுக்கு வரும். அருட்தந்தை ஜிம் பிறவுண் அந்தப் பங்கை ஏற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 2006 ஆகஸ்ட் 13இல், போருக்கு அஞ்சி மக்கள் தஞ்சமடைந்திருந்த புனித பிலிப்பு நேரியார் கோயில்மீது ஷெல் விழுந்தது. உயிர் தப்பியவர்களை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அவர் ஓடித் திரிந்தார். ஆகஸ்ட் 20இல் உதவியாளர் விமலனுடன் அல்லைப்பிட்டிக்குப் போனவர் திரும்பவில்லை. இருவருமே வரவில்லை. மாற்றக் கடிதமும் இல்லை, மாலையும் இல்லை, அடக்கம் செய்ய உடலும் இல்லை.

யூபிலி மலர் அச்சுக்குப் போகுமுன், பிரமுகர்களின் வாழ்த்துச் செய்திகளில் இரண்டை எடுத்துவிட்டு, பிரியாவிடை பெறாமலே போனவர்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.