ஸ்கலோனியை விடுங்கள்

டி மரியாவை வெளியே எடுத்த அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனியின் முட்டாள்தனத்தால்தான் கோப்பை கைநழுவப் பார்த்தது என்கிறீர்கள். 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை மறுபடி பாருங்கள். டி மரியா வெளியேறியது 64ஆவது நிமிடம். பிரான்ஸின் எம்பாப்பே அடித்த முதல் கோல் 80ஆவதில். இடையில் கால் மணி நேரம் உங்கள் கணக்கில் எங்கே போனது?

டி மரியா அன்று பிரமாதம்தான். பெனால்டி வாங்கித் தந்தார், இரண்டாவது கோலையும் அடித்தார். ஆனால் காயத்திலிருந்து மீண்டு வந்த 34 வயதுக்காரர். ஆட்டத்தைத் திருப்பியவர் பிரான்ஸ் பயிற்சியாளர் தெஷாம். ஜிரூ, டெம்பெலே இருவரையும் 41ஆவது நிமிடத்திலேயே உட்காரவைத்தார், என்ன துணிச்சல்! அப்போது இறங்கிய கோலோ முவானியை ஒட்டாமெண்டி வீழ்த்தியதால்தான் அந்த முதல் கோலுக்கான பெனால்டி. அடுத்த கோலுக்கு, மாற்றாக வந்த கோமன் பந்தைப் பறித்தது யாரிடமிருந்து? மெஸ்ஸியிடமிருந்து. அதை மட்டும் நீங்கள் சொல்லவே மாட்டீர்கள்.

எதிரணிப் பயிற்சியாளருக்கும் மூளை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள்.