நாசில் அளவு: கணக்கில் தொடங்கி அளவையில் முடிய வேண்டிய தேர்வு

டர்போ பொருத்திய பெட்ரோல் இன்ஜினில் நீர்த் தெளிப்பு முறையை அமைப்போர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, எந்த அளவு நாசிலைப் பொருத்துவது என்பதாகும். பம்ப் தள்ளிவிடும் நீரை நுண்துளிகளாகச் சிதறடித்து உள்ளிழுக்கும் காற்றோடு கலக்கச் செய்யும் சிறுதுளை முனையே நாசில். பணிமனைகள் பலவற்றில், விற்பனைப் பெட்டியோடு வரும் குதிரைத்திறன் அட்டவணையைப் பார்த்தோ, முன்பு வேறொரு காருக்குப் பொருந்திய அளவை நினைவில் வைத்தோ இத்தேர்வு முடிந்துவிடுகிறது. எரியும் பெட்ரோலின் அளவு, நாசிலின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடு, காற்றின் ஈரம் ஆகிய மூன்றையும் கணக்கில் கொள்ளாத தேர்வு தற்செயலாகச் சரியாக அமையலாமே தவிர, அதை நம்பி இன்ஜினின் இக்னிஷன் டைமிங்கை முன்னுக்குத் தள்ளுவது முறையன்று.

கணக்கு எளியது. முழுச் சுமையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.25 கிலோ பெட்ரோல் எரிகிறது எனக் கொண்டால், 300 குதிரைத்திறன் தரும் இன்ஜினுக்கு மணிக்கு 75 கிலோ, அதாவது நிமிடத்துக்கு 1,250 கிராம் பெட்ரோல் வேண்டும். பெட்ரோலின் எடையில் 10 முதல் 20 விழுக்காடு வரை நீர் செலுத்துவது நடைமுறையில் வழக்கமாதலால், தேவைப்படும் நீர் நிமிடத்துக்கு 125 முதல் 250 மில்லிலிட்டர் வரை அமைகிறது. மெத்தனால் கலந்த நீருக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. மெத்தனால் தானே ஓர் எரிபொருள் என்பதால், பெட்ரோலின் அளவையும் சேர்த்தே திருத்த வேண்டியிருக்கும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது அழுத்தம். நாசிலின் மேல் பொறிக்கப்பட்ட எண் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கு உரியது. ஓட்டமோ அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறுவது. 7 பார் அழுத்தத்தில் 170 மில்லிலிட்டர் தரும் நாசிலை 10 பார் பம்புடன் இணைத்து, டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தமான பூஸ்ட் 1.5 பார் நிலவும் உள்ளிழுப்புக் குழாயில் பொருத்தினால், அதற்குக் கிடைக்கும் நிகர அழுத்தம் 8.5 பார், ஓட்டம் ஏறத்தாழ 187 மில்லிலிட்டர். மேற்கண்ட இன்ஜினுக்கு இது சரியாக 15 விழுக்காடு. அழுத்தம் நான்கு மடங்கானால்தான் ஓட்டம் இரண்டு மடங்காகும் என்பதால், பம்பின் வேகத்தை மட்டும் கூட்டிக் குறைத்து நீரின் அளவைக் கட்டுப்படுத்த முயல்வோர், குறைந்த அழுத்தத்தில் நீர் நுண்துளிகளாக உடையாமல் தாரையாக ஒழுகுவதைக் காண நேரிடும். துளையின் விட்டத்தில் வரும் சிறு மாற்றமும் பெரிதாகவே விளையும், 0.5 மில்லிமீட்டரிலிருந்து 0.6 மில்லிமீட்டருக்கு மாறினால் ஓட்டம் ஏறத்தாழ 44 விழுக்காடு கூடுகிறது.

போதிய கவனம் பெறாதது காற்றின் ஈரம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பெட்ரோலோ ஏறத்தாழ 350 ஜூல் மட்டுமே உறிஞ்சும். ஆயினும் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ அவ்வளவே குழாயில் ஆவியாகும். 1.5 பார் பூஸ்டில், இன்டர்கூலரிலிருந்து 50 டிகிரி செல்சியஸில் வெளிவரும் காற்று முற்றிலும் உலர்ந்ததாக இருந்தால் ஏறத்தாழ 27 டிகிரி வரை குளிரக்கூடும்; கிலோவுக்கு 20 கிராம் ஈரம் கொண்ட கடலோரக் காற்றோ 43 டிகிரிக்கு அருகிலேயே தெவிட்டிவிடும். எஞ்சிய நீர் துளிகளாகவே சிலிண்டருக்குள் நுழைந்து, அமுக்கத்தின்போது ஆவியாகி, பெட்ரோல் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும் நாக்கிங்கை அங்கே தடுக்கிறது. ஆகவே உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை போதிய அளவு இறங்கவில்லை என்று கருதிப் பெரிய நாசிலை நாடுவோர், சென்னை போன்ற ஊரில் தேவைக்கு மேல் நீரைக் கொட்டி, எரிதலை மந்தமாக்கி, திறனை இழக்கவே செய்வர்.

தெளிப்பு நின்றுபோனால் என்ன ஆகும் என்பதும் அளவுத் தேர்வோடு பிரிக்க முடியாதது. 1962-இல் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர், 10.25:1 என்ற உயர்ந்த அமுக்க விகிதத்தோடு டர்போவையும் இணைத்து, நாக்கிங்கைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை நம்பியது. திரவம் தீர்ந்தால் பூஸ்டைக் குறைக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. 2016-இன் பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் காரும், 5 லிட்டர் தொட்டி வற்றினால் பூஸ்டையும் டைமிங்கையும் தணித்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. ஆலைகளே இத்தகைய காப்பைக் கைவிடாதபோது, பின்னர் பொருத்தப்படும் அமைப்புகளில் ஓட்ட உணரியும் வடிகட்டியும் இல்லாமல், அடைபடும் அபாயம் மிகுந்த மிகச் சிறிய துளைகளைப் பயன்படுத்துவது ஏற்கத்தக்கதன்று.

ஆகவே கணக்கில் வந்த வரம்பின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடங்கி, நாக்கிங் அடங்கும் வரை மட்டும் கூட்டிச் செல்வதே ஏற்ற வழி. பொருத்துவதற்கு முன் நாசிலை அளவுக் குவளையின் மேல் பிடித்து, முழு அழுத்தத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டு அளக்க வேண்டும். அங்கே பூஸ்ட் எதிர்ப்பு இல்லாததால், மேலே சொன்ன நாசில் 203 மில்லிலிட்டர் அளவில் காட்டும். அதைவிடக் கணிசமாகக் குறைந்தால், பம்ப் உரிய அழுத்தத்தைத் தாங்கவில்லை என்றோ, துளையில் அடைப்பு உள்ளது என்றோ கொள்ள வேண்டும். இத்துறையில் பணிபுரிவோர் ஒவ்வொரு காருக்கும் இந்த எண்களை எழுதி வைத்து, உரிமையாளரிடம் ஒரு படியைக் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இவ்விதழின் வேண்டுகோள்.