செவி வாங்கி நா காக்கும் நினைவு

ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரர் சந்நிதியில் கூடும் கூட்டத்தைக் கம்பம் பள்ளத்தாக்கு அன்பர்கள் நன்கறிவார்கள். அந்த நெரிசலிலும் அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். ஒரு குடும்பத்தில் நால்வர் என்றால் நான்கு பெயர், நான்கு நட்சத்திரம், ஒரு கோத்திரம். கேட்டவற்றை உள்ளே சென்று வரிசை பிறழாமல் சுவாமியிடம் விண்ணப்பிக்கிறார். அடுத்த குடும்பம் வந்ததும் முந்தைய பெயர்கள் அவர் மனத்தை விட்டு அகன்றுவிடுகின்றன. அகல்வதும் நன்றே, இல்லாவிடில் ஒருவர் அர்ச்சனை இன்னொருவருக்குப் போய்விடும்!

ஒலியைச் சிறிது நேரம் மட்டும் தாங்கும் இவ்வாற்றலை ஆலன் பேட்லி, கிரகாம் ஹிட்ச் என்ற இரு ஆங்கிலேய உளவியலாளர்கள் 1974-இல் தனித்த ஓர் ஏற்பாடாக விளக்கத் தொடங்கினர். கேட்ட ஒலி மனத்தில் ஏறத்தாழ இரண்டு விநாடிகளே நிற்கும். அது மங்குமுன் உதடு அசையாமல் உள்ளுக்குள் மீண்டும் சொல்லிக்கொண்டால் மேலும் சற்று நிற்கும். ஆகவே ‘மகம், பூரம், மூலம்’ என்னும் குறுஞ்சொற்கள் எளிதில் நிற்க, ‘உத்திரட்டாதி, திருவாதிரை’ போன்ற நெடுஞ்சொற்கள் விரைவில் நழுவும். மூளையில் ஒலியைத் தாங்கும் இடம் இடச்செவிக்குச் சற்று மேலே பின்புறமாகவும், உள்ளுக்குள் சொல்லும் பணிக்குரிய இடம் இடநெற்றியின் கீழ்ப்பகுதியிலும் இருப்பதாக 1993-இல் வெளியான மூளைப்பட ஆய்வு காட்டியது.

நம் முன்னோர் இதனைப் படம் பிடித்துப் பார்க்கவில்லை, பயன்படுத்தினார்கள். வேதமும் திவ்யப்பிரபந்தமும் ‘சந்தை’ முறையில் கற்பிக்கப்படுகின்றன. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை சொல்ல வேண்டும். முதலில் சிறு துண்டு. அது படிந்தபின் நீண்ட தொடர். செவியில் ஒலி மங்குமுன் நா அதை ஏற்றுக்கொள்ளும் அளவிலேயே ஆசிரியர் துண்டு போடுகிறார். நான் வியப்பது இந்த அளவறிதலைத்தான்.

இந்தக் குறுகிய நினைவு எதற்காக என்பதை இத்தாலியப் பெண்மணி ஒருவரிடம் ஆய்ந்து 1988-இல் வெளியிட்டனர். பக்கவாதத்தால் அவ்வாற்றல் குன்றிய அவர், தாய்மொழிச் சொற்களை இணை இணையாக மற்றவர்களைப் போலவே கற்றார். காதால் கேட்ட புதிய ருஷ்யச் சொற்களையோ அவரால் கற்கவே இயலவில்லை. அறிந்த சொல்லுக்குப் பொருள் துணை நிற்கிறது. அறியாத சொல்லுக்கு இந்த ஒலிநினைவே வாசல்.

சிறுவயதில் கற்ற பதிகம் தங்குதடையின்றி வர, அறுபத்தெட்டு வயதில் தொடங்கிய வடமொழித் தோத்திரம் ஒட்ட மறுப்பதன் காரணம் இதில் பெரிதும் அடங்கியிருக்கிறது. அதனை அறியாமல், “மறதி நோய் வந்துவிட்டது” என்று அஞ்சிக் கூட்டுப் பாராயணத்துக்கு வருவதையே நிறுத்திவிட்ட பெரியவர்களை நான் அறிவேன். இது வேண்டாத அச்சம். பாராயணம் நடத்துவோர் அடியைப் பாதியாக்கி, நிறுத்திச் சொல்லிக்கொடுத்தால் அவர்களில் பலர் மீண்டும் வந்து அமர்வார்கள்.

கைப்பேசியில் வரும் ஆறு இலக்க ஓடிபி எண்ணும் இப்படியே. கண்ணால் படித்ததையும் மனம் ஒலியாக்கியே வைத்துக்கொள்வதால், மும்மூன்றாகப் பிரித்து வாய்விட்டுச் சொல்லியபடி பதியுங்கள். (அருகில் அந்நியர் இருந்தால் வாய்க்குள்ளேயே! தொலைபேசியில் அதைக் கேட்பவர் வங்கியின் பெயரைச் சொன்னாலும் கொடாதீர்கள். நான் முன்னாள் வங்கிக்காரன்.)

ஒரே கேள்வியை ஒரே நாளில் பலமுறை கேட்பதும், பழகிய தெருவில் வழி தடுமாறுவதும் வேறு. அவற்றுக்கு மருத்துவரை நாட வேண்டும். ஆனால் சொன்னது உடனே நழுவுகிறது என்பது மட்டுமே குறையானால், முதலில் செவியைப் பாருங்கள். கேள்திறன் குறைந்தவர் ஒலியைப் பிரித்தறிவதிலேயே மனத்தின் உழைப்பைச் செலவிட்டுவிடுவதால், தாங்கி வைக்க மிச்சம் இருப்பதில்லை. திருத்திக்கொள்ளக்கூடிய மறதிநோய்க் காரணங்களில் ஒன்றாகவும் கேள்திறன் குறைவை ‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த குழு 2017-இல் குறிப்பிட்டிருக்கிறது. கண்ணாடி அணியக் கூசாத நாம் செவிக்கருவிக்கு மட்டும் ஏனோ கூசுகிறோம். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு ஒருநாள் சென்று வாருங்கள். கேள்திறன் சோதனையில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை.