களை எடுக்கலாம், ஓடக்கூடாதா?

மூத்தோர் விளையாட்டுப் போட்டிக்குப் போறேன்னு சொன்னா "இந்த வயசுல எதுக்குண்ணே?"ங்கிறாங்க. இதே வயசுல உர மூட்டை தூக்கினா ஒருத்தரும் கேக்கறதில்லை. 70 வயசுப் பாட்டி நாள் முழுக்கக் களை எடுத்தா உழைப்பாளி. 100 மீட்டர் ஓடினா கேலி!

பாட்டியாலாவுல பிறந்த மான் கவுர் 93 வயசுலதான் ஓடவே ஆரம்பிச்சாங்க. 2017-ல ஆக்லாந்துல நடந்த உலக மாஸ்டர்ஸ் போட்டியில, 101 வயசுல, 100 மீட்டர் ஓட்டத்துல தங்கம். "கூட ஓட ஆளே இல்லையே"ன்னு இளிக்கிறாங்க. ஏன்யா, அந்த வயசுல இன்னொரு ஆளுக்கு அவங்க எங்க போவாங்க?

நகரத்து நண்பர்களே, "விவசாயிக்கு வயல் வேலையே போதுமே"ன்னு நீங்களும் ஆரம்பிக்காதீங்க. குனிஞ்சு குனிஞ்சு முதுகு போனதுதான் மிச்சம். நான் பேர் குடுத்தாச்சு. அரை டிராயரைப் பார்த்து ஊர் சிரிச்சா சிரிக்கட்டும்.