குப்பை மேட்டுக்கு உடையவர் யார்?

நகரத்தில் ஒரு மனை காலியாக விடப்பட்டால் அது நெடுநாள் காலியாக இருப்பதில்லை. முதலில் யாரோ வீடு இடித்த செங்கல்லும் காரையும் வந்து விழும். பிறகு கிழிந்த மெத்தை, பழைய டயர், குடித்துப் போட்ட இளநீர்க் கூடு என்று ஒவ்வொன்றாகச் சேரும். மழை பெய்தால் அவற்றில் நீர் தேங்கும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவுக்குச் சாக்கடை வேண்டியதில்லை. டயருக்குள் தேங்கிய தெளிந்த நீரே போதும். மனைக்கு உடையவர் எங்கோ வெளியூரில் இருப்பார். மனையின் விலை ஏறிக்கொண்டே போகும்; அத்தெருவில் குடியிருப்போரின் உடல்நலம் இறங்கிக்கொண்டே வரும்.

இப்போது பல நகரங்களில் கைப்பேசியில் படம் எடுத்து நகரசபைக்குப் புகார் அனுப்பலாம். உடனே புகார் எண்ணும் கிடைத்துவிடுகிறது. நல்ல வசதிதான், மறுக்கவில்லை. குறை, கணக்கு முடிக்கும் விதத்தில் இருக்கிறது. ஒரு லாரி வந்து மேலாகக் கிடப்பதை அள்ளிச் சென்றவுடன் புகார் ‘தீர்ந்தது’ என்று குறிக்கப்படுகிறது. நான் வாடகைக்கு இருக்கும் தெருவில் ஒரே மனையைப் பற்றி ஓராண்டில் மூன்று முறை புகார் செய்தோம். மூன்று புகாரும் தீர்ந்தன. குப்பை மட்டும் தீரவில்லை. உடையவருக்கு நோட்டீஸ் போயிற்றா, அவர் வேலி போட்டாரா, அள்ளிய செலவு அவரிடம் வசூலாயிற்றா என்று கேட்டால் பதில் சொல்வாரில்லை. ஊரார் வரிப்பணத்தில் ஒருவருடைய மனை சுத்தமாகிறது. அவர் பையிலிருந்து காலணாவும் குறைவதில்லை. இது என்ன நியாயம்?

குப்பை அகன்றதோடு புகார் முடியக்கூடாது. பொறுப்புள்ளவர் பொறுப்பேற்ற பிறகே முடிய வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. குற்ற நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு என்று நெடுங்காலம் வழங்கிய விதி, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. தெருவுக்கும் பொதுவிடத்துக்கும் தொல்லை நேர்ந்தால், அதற்குக் காரணமானவரை மாவட்ட மாஜிஸ்டிரேட்டோ உட்கோட்ட மாஜிஸ்டிரேட்டோ அழைத்து, “இத்தனை நாளில் அகற்று, இல்லையேல் ஏன் அகற்ற வேண்டாம் என்று வந்து சொல்” என உத்தரவிடலாம். அவர் வராமலும் செய்யாமலும் இருந்தால் உத்தரவு உறுதியாகும். அப்பொழுதும் அசையாவிட்டால் மாஜிஸ்டிரேட்டே வேலையை முடித்துவிட்டு, செலவை அவரிடமிருந்து வசூலிக்கலாம்.

இச்சட்டம் தனி மனிதர்மீது மட்டும் பாய்வதன்று. நகரசபை கடமை தவறினால் அதன்மீதும் பாயும். மத்தியப் பிரதேசத்து ரத்லம் நகரில் 1970களில் இது நடந்தது. திறந்த சாக்கடை, சாராயத் தொழிற்சாலையின் நாற்றக் கழிவு, கழிப்பிடம் இல்லாததால் சேரிமக்கள் தெருவோரத்தை நாடிய நிலை, இத்தனையும் சூழ்ந்த ஒரு பகுதியின் மக்கள் மாஜிஸ்டிரேட்டிடம் முறையிட்டார்கள். மாஜிஸ்டிரேட் நகரசபைக்கு உத்தரவிட்டார். நகரசபை அதற்குக் கீழ்ப்படியாமல் சுப்ரீம் கோர்ட் வரை வழக்காடியது. “எங்களிடம் பணம் இல்லை” என்பது அது சொன்ன பெரிய சமாதானம். 1980இல் நீதிபதிகள் வி. ஆர். கிருஷ்ணய்யரும் சின்னப்ப ரெட்டியும் அதை ஏற்கவில்லை. மக்களின் சுகாதாரத்தைக் காப்பது நகரசபையின் முதற்கடமை. கையில் பணமில்லை என்று அதைத் தட்டிக்கழிக்க முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். கிருஷ்ணய்யர் நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் என்பதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சியும் உண்டு.

அத்தீர்ப்பில் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. அசுத்தம் செய்கிறார்கள் என்று சேரிமக்களை விரட்டச் சொல்லவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே போதுமான கழிப்பிடம் கட்டிக்கொடு, தண்ணீர் விடு, காலையும் மாலையும் சுத்தம் செய் என்றுதான் கோர்ட் சொல்லிற்று. இன்றோ ‘நகரைத் தூய்மையாக்குகிறோம்’ என்று கிளம்பும் கை பெரும்பாலும் நடைபாதைத் தள்ளுவண்டியையும் குடிசையையுமே முதலில் தொடுகிறது. வெளியூர் மனைக்காரரின் முகவரி மட்டும் கிடைப்பதில்லை! எளியவரைத் தேடிப் பிடிக்கும் சட்டம் வலியவரைத் தேடாவிட்டால் அது தூய்மை இயக்கம் ஆகாது.

ரத்லம் மக்களே பல ஆண்டு கோர்ட் படி ஏறினார்கள். நமக்கு அது ஆகுமா என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆகவேதான் புகார் ஏட்டிலேயே திருத்தம் வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு புகாருக்கும் எதிரே பொறுப்பாளி யார், அவருக்குக் கொடுத்த தவணை என்ன, வசூலான செலவு எவ்வளவு என்ற மூன்றையும் எழுதி எல்லாரும் பார்க்க வைக்கட்டும். மனைக்காரர் தாமே வேலி தேடி ஓடுவார்.

நம்மில் பலர், “நாம் மூன்றாண்டு தங்கிப் போகிறவர்கள்; இது நம் ஊரா?” என்று ஒதுங்குகிறோம். கொசு அப்படி ஊர் கேட்டுக் கடிப்பதில்லை. சட்டமும் கேட்பதில்லை. போலீஸ் அறிக்கை மூலமாகவோ வேறு தகவல் மூலமாகவோ மாஜிஸ்டிரேட் நடவடிக்கை எடுக்கலாம். தகவல் தருபவர் வீட்டுக்காரராகவோ இவ்வூர் வாக்காளராகவோ இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. வாடகை அறையில் இருக்கும் மாணவனும் எழுதலாம்.

நம் சங்கத்தில் இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். எந்த இடம், எந்தத் தேதியில் புகார், என்ன பதில் என்று எழுதி வருவோம். இவ்வூர் மொழி நன்கறிந்த நண்பர்கள் மனு எழுதித் தரட்டும். ஒரே இடத்தைப் பற்றிய புகார் மூன்று முறை ‘தீர்ந்த’ பின்னும் குப்பை அங்கேயே கிடந்தால், நான்காவது மனு மாஜிஸ்டிரேட்டுக்குப் போகட்டும்.