பட்டாளத்து வண்டிகளும் பதிவுச் சட்டமும்

ராணுவத்தார் உபயோகித்துக் கழித்த ஜீப்புகளையும் லாரிகளையும் ஏலத்தில் எடுத்துச் சொந்த உபயோகத்திற்கு வைத்துக்கொள்வது நமது நாட்டில் புதிய வழக்கமன்று. உலக யுத்த காலத்தில் செய்யப்பட்ட ஜீப்புகள் மாத்திரம் 6 லக்ஷத்திற்கு மேல். 1945-ம் வருஷம் யுத்தம் முடிந்ததும், அந்நியப் படைகள் இங்கே விட்டுச் சென்ற வண்டிகளையும் தளவாடங்களையும் விற்பதற்கென்றே சர்க்கார் ஒரு தனி இலாகாவை வைத்து நடத்த வேண்டியிருந்தது. மோட்டாரினால் பிறருக்கு நேரும் சேதத்திற்குக் கட்டாய இன்ஷ்யூரன்ஸ் என்ற ஏற்பாடு அமலுக்கு வந்ததும் அதை அடுத்துத்தான். 1946-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல். பட்டாளத்து வண்டி பொது ரஸ்தாவுக்கு வந்ததும், இன்ஷ்யூரன்ஸ் கட்டாயமானதும் ஏறக்குறைய ஒரே காலம். இவ்வளவு வருஷங்கள் சென்ற பின்னும் இவ்விரண்டையும் ஒழுங்காக இணைத்து வைக்க நம்மவர்கள் சிரத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பதே நமது குறை.

திண்டுக்கல் ஜில்லாவாசிகளுக்கு இதில் அக்கறை உண்டு. சிறுமலையிலும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்திலும் தோட்டம் வைத்திருப்பவர்கள், நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய உறுதியான வண்டியைத் தேடுவது இயல்பே. புது வண்டியின் விலையைக் கேட்டுப் பின்வாங்கியவருக்குப் பட்டாளத்து ஜிப்ஸியோ பழைய ஜோங்காவோ ஒரு வரப்பிரசாதமாகத் தோன்றுகிறது. ஆசைக்காக வாங்கும் வாலிபர்களும் உண்டு. அதையும் நாம் குறை கூறவில்லை. பிரஜைகளின் வரிப்பணத்தில் வாங்கிய வண்டி துருப்பிடித்துப் போவதைவிடப் பிரஜை ஒருவனுக்கு உழைப்பது மேல்.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-வது பிரிவுப்படி, தேசப் பாதுகாப்புக்கான வண்டிகளை மத்திய சர்க்கார் தனியே பதிவு செய்கிறது. மேல்நோக்கிய அம்புக்குறியுடன் கூடிய எண் அவற்றின் அடையாளம். வண்டி சர்க்காரின் கையை விட்டு நீங்கிய மாத்திரத்தில் மற்ற வண்டிகளுக்குள்ள 39, 40-வது பிரிவுகள் அதற்கும் பொருந்தும். அதாவது, வாங்கியவர் தமது வட்டாரத்தில் பதிவு செய்தே ஓட்டவேண்டும். அதற்கு, விற்ற அதிகாரிகள் 21-வது நமூனாவில் கொடுக்கும் அசல் விற்பனைச் சான்று தேவை என்று மத்திய விதிகளில் 47-வது விதி கூறுகிறது. இன்ஷ்யூரன்ஸ் சான்றும் வேண்டுமென்று அதே விதி கூறுகிறது.

இங்கேதான் சிக்கல். சர்க்கார் வண்டிகளுக்கு 146-வது பிரிவில் விலக்கு இருப்பதால், பட்டாளத்து வண்டி தன் ஆயுளில் ஒரு நாளும் இன்ஷ்யூர் செய்யப்படாமலே இருந்திருக்கலாம். நம்மிடம் யோசனை கேட்க வந்த தோட்டக்காரர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். இன்ஷ்யூரன்ஸ் ஏஜெண்டு, "பதிவு எண் எங்கே?" என்றாராம். பதிவு ஆபீஸில், "இன்ஷ்யூரன்ஸ் எங்கே?" என்றார்களாம். பல மாதங்கள் இரண்டு படிகளையும் ஏறி இறங்கிய பிறகு, அவரிடமிருந்தது ஏல வியாபாரி கொடுத்த ரசீது ஒன்றுதான், விற்பனைச் சான்று வியாபாரியின் பெயரிலேயே நிற்கிறது என்பது வெளிப்பட்டது. குவியலாக ஏலம் எடுத்து ஒவ்வொன்றாக விற்பவர்களிடம் வாங்குவோர் கதி பெரும்பாலும் இதுதான். பழைய இரும்பு என்ற நிபந்தனையுடன் விற்கப்பட்டதை வண்டியென்று நம்பி வாங்குபவர் நிலை இன்னும் பரிதாபம். இப்படி அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு, வேறொரு செத்த ஜீப்பின் காகிதங்களைக் கொடுத்து எண்ணை மாற்றி அடித்துத் தருகிறோம் என்று சொல்லும் தரகர்கள் வந்து சேருகிறார்கள். அது கிரிமினல் குற்றம். அந்த வழிக்குப் போகவே வேண்டாம்.

புது வண்டி கடையை விட்டு வெளிவருமுன் அதற்குப் பதிவு எண் ஏது? எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் எழுதித் தினந்தோறும் பாலிஸி கொடுக்கிறார்கள். அதையே பட்டாளத்து வண்டிக்கும் செய்வதற்கு என்ன தடை? தடை சட்டத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம். மற்றவருக்கு நேரும் சேதத்துக்கான பிரிமியமோ, 2022-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்த விகிதப்படி, 1000-க்கு மேல் 1500 ஸி.ஸி. வரையுள்ள சொந்தக் காருக்கு 3,416 ரூபாய்தான். அதற்கு மேற்பட்டதற்கு 7,897 ரூபாய். கொடுக்க மனமுள்ளவரிடம் வாங்க மறுப்பது விந்தையே.

சொந்தக்காரரின் தொல்லை ஒருபுறம் இருக்கட்டும். சின்னாளபட்டி நெசவாளி ஒருவர் மதுரை ரோட்டில் சைக்கிளில் செல்லுகையில், பதிவில்லாத ஜீப் ஒன்று அவர் காலை ஒடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யார் மீது வழக்கு? வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்கிறது சட்டம். 2018-ம் வருஷம் நவீன்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே வலியுறுத்தியது. பெயரே பதிவாகாத வண்டிக்கு என்ன செய்வது? சாட்சி வைத்து உடைமையை நிரூபித்து டிக்ரி வாங்கினாலும், பின்னால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி இல்லாதபோது அந்த டிக்ரியை யாரிடம் காட்டிப் பணம் வாங்குவது? பாலிஸி மாத்திரம் இருந்து பதிவு இல்லாவிட்டாலும் சொந்தக்காரர் தப்ப முடியாது. தாற்காலிகப் பதிவின் காலம் கடந்த பின் ஜோத்பூரில் திருட்டுப் போன வண்டிக்கு நஷ்ட ஈடு இல்லையென்று 2021-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. பட்டாளத்து ஆலிவ் பச்சை வர்ணத்தை ராணுவம் தவிர வேறு எவரும் வண்டிக்குப் பூசலாகாது என்பது 121-வது விதி. அம்புக்குறி எண்ணை அழகுக்காக விட்டு வைப்பவர்கள், போலீஸார் நிறுத்திக் கேட்டால் கோபித்துக்கொள்ள நியாயமில்லை. கூண்டை வெட்டி உருவத்தை மாற்றுவோர், செய்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்த இடமில்லை என்று 2019-ம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதை அறிந்துகொள்ளட்டும்.

50 வருஷத்திற்கு மேற்பட்ட வண்டிகளுக்காக 2021-ம் வருஷம் ஜூலையில் தனி விதிகள் வந்தன. புதிதாகப் பதிவு செய்யக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 வருஷம் செல்லும். கண்காட்சிக்கும் ஊர்வலப் பந்தயத்துக்கும் ஓட்டலாமேயன்றித் தினசரி ரஸ்தாவில் ஓட்டலாகாது. யுத்த கால ஜீப்பைப் பொக்கிஷமாகக் காப்பவருக்கு இது பொருந்தும். ஆனால் 50 வருஷம் முதல் பதிவிலிருந்து கணக்கிடப்படுகிறது. ராணுவம் செய்த பதிவையே முதல் பதிவாகக் கொள்ள வேண்டுமென்று சர்க்கார் ஒரு வரியில் தெளிவுபடுத்தினால் வீண் விவாதம் ஒழியும்.

ஏலம் விடும் அதிகாரிகள், குவியலாக விற்றாலும் வண்டிக்கு ஒரு சான்றாக, எஞ்சின், சேஸிஸ் எண்களுடன், ஒப்படைக்கும் அன்றே கொடுக்க வேண்டும். இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் அந்த எண்களின் பேரில் பாலிஸி கொடுக்குமாறு தங்கள் ஏஜெண்டுகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். டி.என். 57 எழுத்தைக் கொடுக்கும் நமது ஊர்ப் போக்குவரத்து ஆபீஸில், இவ்வகை வண்டிகளைப் பரிசோதிக்க மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி, கொண்டுவர வேண்டிய காகிதங்கள் இன்னவை என்று தமிழில் எழுதி வாசலில் ஒட்டட்டும். அதற்கு மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.